ஜப்பானிய மங்கா வாசிப்பு எங்கே சிக்குகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜப்பானிய மொழி படிக்கும் நண்பர்கள் மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையின் பக்கம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பி, “இது புரியவே இல்லை, என்ன பண்றது?” என்று கேட்பார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். சிக்கல் ஆளுக்கு ஆள் வேறு. எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் “எனக்குக் கன்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) போதவில்லை” என்பது. பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. அதைக் கண்டுபிடிக்காமல் இன்னொரு கன்ஜிப் புத்தகம் வாங்கினால் பணமும் போகும், ஆர்வமும் போகும்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். ஹிரகனா, கதகனா என்ற ஒலியெழுத்து வரிசை இரண்டும் தெரியும், ஜப்பானிய மொழித் தேர்வின் தொடக்க நிலையான என்-5 அளவு அடிப்படைப் பாடம் முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அது முடியாதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

## அறிகுறி 1: பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது

பதில் முதலில் வருகிறது, கேள்வி பிறகு வருகிறது என்றால் வாசிக்கும் வரிசை தவறியிருக்கிறது.

கட்டங்களின் வரிசை. வலது மேல் மூலையில் தொடங்கி இடப்பக்கம் போக வேண்டும். பேச்சு எழுதியிருக்கும் குமிழிகளும் அப்படியே. குமிழிக்குள் எழுத்து மேலிருந்து கீழே இறங்கும். அடுத்த வரிசை அதற்கு இடப்பக்கம் இருக்கும். இது தெரிந்தவர்களும் தடுமாறும் இடம், உயரமான ஒரு கட்டத்தின் பக்கத்தில் சின்னக் கட்டங்கள் இரண்டு ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்போது. அங்கே இடைவெளிகளைப் பாருங்கள். பக்கத்தின் குறுக்கே ஓடும் வெள்ளைக் கோடு பெரும்பாலும் அகலமாகவும், கட்டங்களைப் பக்கவாட்டில் பிரிக்கும் கோடு ஒடுக்கமாகவும் இருக்கும். அகலமான கோடு வரும்வரை ஓர் அடுக்கு. அந்த அடுக்கை வலமிருந்து இடமாக முடித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும்.

நான்கு கட்டத் துணுக்கு. யொன்கோமா என்ற வகை. பக்கத்தில் இரண்டு நெடுவரிசை இருந்தால் வலது வரிசையை மேலிருந்து கீழாக முழுதும் முடித்த பிறகே இடது வரிசை.

காலம் மாறியிருக்கலாம். கட்டங்களுக்கு வெளியே பக்கம் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் அது பழைய நினைவு. வரிசை சரியாக இருந்தும் கதை குழம்பினால் இதைப் பாருங்கள்.

வாக்கியம் அடுத்த குமிழிக்குத் தாவியிருக்கிறது. மங்காவில் பெரும்பாலான பதிப்பகங்கள் முற்றுப்புள்ளி போடுவதில்லை. குமிழி முடிந்ததால் வாக்கியம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷோகக்குகான் பதிப்பகம் முற்றுப்புள்ளி, காற்புள்ளி எல்லாம் போட்டே அச்சிடும். வாக்கியம் எங்கே முடிகிறது என்றே பிடிபடாதவர்கள் கொஞ்ச காலம் அவர்களுடைய புத்தகங்களை எடுத்துப் படிக்கலாம்.

இந்தச் சிக்கலுக்கு ஆசிரியர் தேவையில்லை. ஒரு தொகுதி முடிவதற்குள் கண் தானே பழகிவிடும்.

## அறிகுறி 2: எழுத்தே பிடிபடவில்லை

சாயல் எழுத்துகள். கதகனாவில் ஷி, த்சு இரண்டும், ன், ஸோ இரண்டும் மாறிப்போகும். குட்டிக் கோடுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைகட்டி நின்றால் ஷி. மேற்பக்கம் பக்கம் பக்கமாக நின்றால் த்சு. அதே கணக்கில் ன், ஸோ. சத்தச் சொற்களைத் தூரிகையால் தீட்டியிருப்பார்கள், அங்கே இந்தக் கணக்கு கொஞ்சம் சறுக்கும். அப்போது இரண்டு வாசிப்பையும் அகராதியில் போட்டுப் பாருங்கள்.

அச்சு வடிவம் வேறு. கையெழுத்தில் பிரிந்து நிற்கும் கி, ஸ போன்ற ஹிரகனா எழுத்துகள் அச்சில் சேர்ந்து நிற்கும். புது எழுத்து ஒன்றும் இல்லை.

எழுத்துக்கு இரண்டு குட்டிக் கோடு கூடுதலாக இருக்கிறது. அ, எ போன்ற உயிரெழுத்துக்கே அந்தக் கோடுகள் போட்டிருந்தால், அது தொண்டையைக் கிழித்துக் கத்துவதைக் காட்ட மங்காவில் போடுவது. பாடப் புத்தகத்தில் இருக்காது. சொல்லின் கடைசியில் குட்டி த்சு நின்றால் குரல் வெடுக்கென்று நின்றது என்று அர்த்தம்.

ஃபுரிகனா தெரியவில்லை. கன்ஜி பக்கத்தில் இருக்கும் உச்சரிப்புக் குறிப்பு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தால், முதலில் புத்தகத்தின் அளவைப் பாருங்கள். புன்கோ பதிப்புகள் ஏ6 அளவு, உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் ஃபுரிகனாவைப் படிப்பது இளம் கண்ணுக்கே கஷ்டம். அதே கதை சாதாரணத் தொகுதியாகவோ, பெரிய அளவுக் கன்ஸென் பதிப்பாகவோ கிடைக்கும். இணையத்தில் திருட்டுத்தனமாகச் சுற்றும் படங்களிலும் இதே பிரச்சினைதான். படம் சுருங்கியதும் முதலில் அழிவது ஃபுரிகனா. படைத்தவருக்குச் சேர வேண்டிய பணமும் சேராது, படிப்பவருக்கும் பிரயோஜனம் இல்லை. பெரிய அளவுப் புத்தகத்திலும் எழுத்து மங்கினால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

ஃபுரிகனாவே இல்லை. அப்படியானால் நீங்கள் எடுத்தது பெரியவர்களுக்கான ஸெய்னென் வகையாக இருக்கும். சிறுவர், சிறுமியர் இதழ்களில் வரும் ஷோனென், ஷோஜோ வகைகளில் கன்ஜிக்கெல்லாம் ஃபுரிகனா இருக்கும். ஜப்பானில் தொடக்கப்பள்ளி முடிப்பதற்குள் 1,026 கன்ஜி கற்பிக்கிறார்கள். பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் இருப்பது 2,136. இதையெல்லாம் முடித்த பிறகுதான் மங்கா என்று காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஃபுரிகனா உள்ள புத்தகமாக எடுத்தால் போதும். வாங்கும் முன் ஜப்பானிய மின்னூல் கடைகளில் ‘தமேஷியோமி’ என்ற பொத்தானைத் தட்டினால் முதல் சில பக்கங்கள் இலவசமாகத் திறக்கும். அங்கேயே பார்த்துவிடலாம்.

## அறிகுறி 3: அகராதியில் அந்தச் சொல்லே இல்லை

எனக்கு வருகிற படங்களில் அதிகம் இந்த ரகம்தான். கீழே உள்ள வரிசையிலேயே சோதியுங்கள்.

சொல்லை வெட்டிய இடம் தப்பு. ஜப்பானிய எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. குழந்தைகள் பேசும் குமிழிகள் முழுக்க ஹிரகனாவாக இருக்கும். பார்க்க எளிது, வெட்டுவது கடினம். வாய்விட்டுப் படியுங்கள். காதில் விழுந்தால் சொல் பிரிந்து நிற்கும்.

பேச்சு வழக்கில் சுருங்கியிருக்கிறது. பாடப் புத்தகம் எழுத்து மொழியைக் கற்றுக்கொடுக்கிறது. மங்கா பேச்சு மொழியில் இருக்கிறது. இந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ‘போய்விட்டது’ எப்படிப் ‘போயிடுச்சு’ ஆகிறதோ, அதே மாதிரி ‘இத்தே ஷிமத்தா’ என்பது ‘இச்சத்தா’ ஆகிறது. அர்த்தமும் அதேதான்: போயிடுச்சு. அடிக்கடி வருபவை இவை:

- ‘மத்தே இரு’, காத்துக்கொண்டிரு, ‘மத்தெரு’ ஆகும்.
- ‘கத்தே ஒகு’, வாங்கி வை, ‘கத்தொகு’ ஆகும்.
- ‘இகனக்கெரெபா’, போகாவிட்டால், ‘இகனக்யா’ ஆகும். பின்னால் வரவேண்டிய ‘ஆகாது’ என்பதையும் விழுங்கிவிடுவார்கள். மொத்தத்தில் ‘போயாகணும்’.
- ‘வகரனாய்’, புரியவில்லை, ‘வகன்னாய்’ ஆகும்.
- முரட்டு ஆண் பேச்சில் ‘ஆய்’, ‘ஓய்’ என்று முடிபவை ‘ஏ’ ஆகும். ‘ஷிரனாய்’, தெரியாது, ‘ஷிரனே’. ‘சுகோய்’, பிரமாதம், ‘சுகே’.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வையுங்கள். “அகராதியில் இல்லை” என்று வரும் படங்களில் பெரும்பங்கு இதோடு முடிந்துவிடும்.

சத்தச் சொல். படத்தின் மேலேயே பெரிதாகத் தீட்டியிருப்பவை. சலசல, படபட, மினுமினு என்று இரட்டைக்கிளவியில் ஊறிய நமக்கு இது அந்நியமே இல்லை. நெஞ்சு படபடத்தால் ‘டோகிடோகி’, நட்சத்திரம் மினுமினுத்தால் ‘கிராகிரா’, கூட்டம் சலசலத்தால் ‘ஸவாஸவா’. நாம் ‘நிசப்தம்’ என்று விவரிப்பதற்கும் அவர்களிடம் ஒரு சத்தம் உண்டு, ‘ஷீன்’. ஒருவர் யாரையோ உற்றுப் பார்த்தால் ‘ஜீ’. ஆங்கில அகராதியில் இவற்றைத் தேடினால் நீளமான விளக்கம் வரும், மனதில் நிற்காது. படத்தைப் பார்த்துப் பொருத்தமான தமிழ் இரட்டைக்கிளவி ஒன்றைப் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், நிற்கும்.

சாதாரணச் சொல்லைக் கதகனாவில் எழுதியிருக்கிறார்கள். ‘தமே’ (கூடாது), ‘பகா’ (முட்டாள்), ‘ஒரெ’ (நான்), ‘ஹோன்தோ’ (உண்மை) போன்றவை அழுத்தத்துக்காகக் கதகனாவில் வரும். ஹிரகனாவில் மாற்றித் தேடுங்கள். நடுவில் நீட்டல் கோடு இருந்தால் அதை எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

ஃபுரிகனாவும் கன்ஜியும் பொருந்தவில்லை. இது அச்சுப்பிழை இல்லை, வேண்டுமென்றே செய்வது. ‘விண்வெளி’ என்ற கன்ஜிக்குப் பக்கத்தில் ‘ஸோரா’, அதாவது வானம், என்று ஃபுரிகனா போடுவார்கள். பாத்திரத்தின் வாயில் வருவது ஃபுரிகனா. அவர் மனதில் நினைப்பது கன்ஜி. இரண்டையும் தனித்தனியே தேடுங்கள்.

வட்டார வழக்கு. ‘தமே’ வரவேண்டிய இடத்தில் ‘அகன்’, ‘ஹோன்தோ’ இடத்தில் ‘ஹோன்மா’, எதிர்மறை ‘ஹென்’ என்று முடிகிறது, ‘தா’ இடத்தில் ‘யா’ என்றால் அது ஒசாகா, கியோத்தோ பக்கத்துக் கன்ஸாய் வழக்கு. கிழவர் ‘வஷி’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டு வாக்கியத்தை ‘ஜா’ என்று முடித்தால், அது ஊர் வழக்குகூட இல்லை. கதையில் வரும் வயதானவர்களுக்கென்றே நிலைத்துப்போன பேச்சு. ஜப்பானிய மொழியியலாளர் கின்சுயி சதோஷி இப்படிப்பட்ட நடைக்கு ‘யகுவரிகோ’ என்று பெயர் வைத்தார். ஒரு பாத்திரம் மட்டும் இப்படிப் பேசினால் பழகிவிடும். புத்தகம் முழுக்க இப்படியே என்றால் இப்போதைக்கு மூடி வையுங்கள்.

கையால் கிறுக்கிய குட்டி எழுத்து. குமிழிக்கு வெளியே ஓவியர் எழுதும் துணைப்பேச்சு. போனில் ஜிபோர்ட் என்ற கூகிள் விசைப்பலகைச் செயலியின் ஜப்பானியக் கையெழுத்து விசைப்பலகையில் விரலால் வரைந்து பார்க்கலாம். இரண்டு முறை வரைந்தும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கதை அதில் இல்லை.

இவ்வளவும் பார்த்தும் கிடைக்காத சொல், கதைக்காக உருவாக்கிய பெயராகவோ மந்திரமாகவோ இருக்கக்கூடும். அதே சொல் அடுத்த அத்தியாயத்திலும் வந்தால் மட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள்.

## அறிகுறி 4: சொல்லெல்லாம் தெரியும், வாக்கியம் புரியவில்லை

மொழி உண்மையில் பிடிபடுவது இந்தப் பழுதைச் சரிசெய்யும்போதுதான். ஒரு குமிழியை எடுத்துக்கொள்வோம். புரின் என்ற இனிப்பைப் பற்றி அண்ணனைப் பார்த்துத் தம்பி கத்துகிறான்:

“கினோ கத்தா புரின் தபேச்சத்தா தரோ!”

வந்த கேள்வி: “நேற்று, வாங்கினான், புரின், சாப்பிட்டான். நேற்று வாங்கினான் என்றால் எதை? சாப்பிட்டது யார்?”

சோதனை 1: ஆங்கிலத்தை நடுவில் வைத்திருக்கிறீர்களா? செயலிகளும் இணையப் பாடங்களும் ஆங்கிலத்தில் இருப்பதால் நாமும் ஜப்பானியத்தை ஆங்கிலமாக்கி, பிறகு புரிந்துகொள்ளப் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். தமிழில் புரட்டவே வேண்டாம். ‘கினோ கத்தா புரின்’ என்பதை அப்படியே அடுக்குங்கள்: நேற்று வாங்கின புரின். பெயரெச்சம்! வினை பெயருக்கு முன்னால் ஒட்டி நின்றால் முதலில் இப்படிப் போட்டுப் பாருங்கள்.

சோதனை 2: துணைவினை. ‘தபேதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். ‘கத்தே ஒகு’ வாங்கி வை. ‘இத்தே ஷிமவ்’ போய்விடு. மிரு என்றால் பார், ஒகு என்றால் வை. இரண்டு மொழியும் ஒரே வினையைத் துணைவினையாக வைத்திருக்கின்றன. இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வீட்டிலேயே இருக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் குமிழியில் ‘தபேச்சத்தா’ என்பது ‘சாப்பிட்டுட்ட’.

சோதனை 3: வேற்றுமை உருபு விழுந்திருக்கிறது. ‘புரின் ஒ’ என்று இருக்க வேண்டியதில் ‘ஒ’ இல்லை. பேச்சில் ‘வா’, ‘கா’, ‘ஒ’ மூன்றும் தாராளமாக விழும்.

சோதனை 4: செய்தது யார்? தமிழ் நமக்குக் கைகொடுக்காத ஓர் இடம் இது. வந்தேன், வந்தாய், வந்தான் என்று நம் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். வருதலின் இறந்தகாலமான ‘கிதா’ என்பதில் ஆள் இல்லை. அதனால் வேறு தடயங்களைத் தேட வேண்டும்:

- குமிழியின் வால் யாரைக் காட்டுகிறது?
- முடிவில் என்ன ஒட்டியிருக்கிறது? ‘தரோ’ என்றால் ‘இல்ல?’, ‘தானே?’ என்று எதிரில் இருப்பவரை மடக்குவது. ஆகவே சாப்பிட்டவன் அண்ணன்.
- கொடுத்தல் வாங்கல் வினை இருக்கிறதா? ‘மிசெதே குரெதா’ என்றால் யாரோ எனக்குக் காட்டினார். ‘மிசெதே அகெதா’ என்றால் நான் காட்டினேன். ‘மிசெதே மொரத்தா’ என்றால் நான் கேட்டு அவர் காட்டினார். தா என்பது தன்மை, முன்னிலைக்கு, கொடு என்பது படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும்.
- மரியாதை வினை என்றால் அது பேசுபவர் தன்னைப் பற்றிச் சொன்னது இல்லை.

இப்போது குமிழி முழுசாக: “நேத்து வாங்கின புரினைச் சாப்பிட்டுட்ட, இல்ல!”

சோதனை 5: கேட்டதா, பார்த்ததா? ‘ஃபுரு ஸோ தா’ என்றால் மழை பெய்யுமாம். ‘ஃபுரிஸோ தா’ என்றால் பெய்யும் போல இருக்கிறது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். கடைசியில் ‘த்தே’ நின்றாலும் நம் ‘ஆம்’ கணக்குதான்: ‘குரு த்தே’, வருவாராம். ‘குரு கனா’ என்றால் வருவாரோ.

சோதனை 6: கடைசி வரிசை. நீண்ட குமிழியில் தொலைந்துபோனால் இடக்கோடி வரிசையின் அடியை முதலில் பாருங்கள். வினையும் ‘இல்லை’யும் அங்கேதான் இருக்கும்.

கூகிள் லென்ஸைச் சொல்லை எடுக்கப் பயன்படுத்துங்கள். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தாதீர்கள். யார் செய்தது என்று வாக்கியத்தில் இல்லாதபோது கருவி தானாக ஓர் ஆளைப் போட்டுவிடும். நீங்களும் அதையே நம்பி அடுத்த பத்துப் பக்கம் போவீர்கள்.

ஆறு சோதனையும் செய்து, ஒரே மாதிரி வாக்கியம் மூன்றாவது முறையும் புரியவில்லை என்றால் அது ஆசிரியரிடம் போக வேண்டிய பழுது.

## அறிகுறி 5: ஒரு பக்கத்துக்கே மணிக்கணக்கில் ஆகிறது

முதல் அத்தியாயமா? அப்படியானால் பொறுங்கள். பாத்திரங்களின் பெயர், ஊர், அவர்கள் பேசும் நடை எல்லாம் அங்கேதான் மொத்தமாக இறங்கும். மூன்றாவது அத்தியாயத்தில் வேகத்தைப் பாருங்கள்.

எல்லாச் சொல்லையும் தேடுகிறீர்களா? ஒரு பக்கத்தை முதலில் அகராதி இல்லாமல் முழுதும் ஓட்டுங்கள். இரண்டாம் முறை, எது தெரியாமல் கதை நகரவில்லையோ அதை மட்டும் தேடுங்கள்.

புத்தகம் பொருந்தவில்லையா? சாமுராய்க் கதை, விண்வெளிப் போர், துப்பறிதல் மூன்றும் தொடக்கத்துக்கு ஆகாது. அன்றாட வாழ்க்கைக் கதை எடுங்கள். அசுமா கியோஹிகோ 2003-இலிருந்து வரைந்துவரும் ‘யொத்சுபா தோ!’ தொடரைப் பலரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஃபுரிகனா உண்டு, சிறுமி ஒருத்தி அக்கம்பக்கத்தில் பேசும் பேச்சு. அவளுடைய ஹிரகனாக் குமிழிகளை வெட்டுவதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கருவி. புத்தகம் உங்கள் கணினியில் படக் கோப்பாக இருந்தால் ‘மொகுரோ’ என்ற இலவச மென்பொருள் குமிழியில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கக்கூடிய எழுத்தாக்கித் தரும். உலாவியில் ‘யொமிதான்’ நீட்சி இருந்தால் சொல்மேல் சுட்டியை வைத்ததும் அர்த்தம் வரும், திரிந்த வினையையும் மூல வடிவத்துக்குக் கொண்டுபோகும். நிறுவக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

## அறிகுறி 6: கதை புரிகிறது, மொழி ஏறவில்லை

படமே கதையைச் சொல்லிவிடுகிறது, கண் எழுத்தைத் தாண்டிப் போகிறது. தினம் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, படங்களை மறைத்துக்கொண்டு குமிழிகளை வாய்விட்டுப் படியுங்கள். யார் யாரிடம் சொல்கிறார் என்று சொல்ல முடிந்தால் சரி. முடியாவிட்டால் அறிகுறி 4-க்குப் போங்கள்.

## அறிகுறி 7: மங்காவில் படித்ததைப் பேசினால் எதிரில் இருப்பவர் திடுக்கிடுகிறார்

முரட்டு ‘நான்’ ஆன ‘ஒரெ’, முரட்டு ‘நீ’ ஆன ‘தெமே’, ‘கிசமா’ எல்லாம் வாசிக்க மட்டும். ‘கிசமா’ என்று ஒருவரை அழைத்தால் அது சண்டைக்கு இழுப்பது. எந்தப் பாத்திரம் யாரிடம் சொன்னது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகப் பேச்சுக்கோ நேர்காணலுக்கோ தயாராகிறவர்கள் இதை மங்காவை வைத்துத் தீர்க்க முயல வேண்டாம். இங்கே ஆசிரியர்தான் முதல் படி.

## ஆசிரியரிடம் போகும்போது

“மங்கா புரியவில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் பாடப் புத்தகத்தைத் திறந்துவிடுவார். பக்கத்தை முழுதாகப் படம் எடுத்துப் போங்கள். குமிழியை மட்டும் வெட்டி எடுத்தால் யார் பேசுகிறார் என்பது அவருக்கும் தெரியாது. முந்தைய பக்கமும் கையில் இருக்கட்டும். ஒரு வகுப்புக்கு மூன்று வாக்கியம் போதும். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எழுதிய தமிழ் வாக்கியத்தைப் பக்கத்திலேயே வையுங்கள். தமிழ் தெரியாத ஆசிரியர் என்றால் யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் உங்கள் அம்பு தப்பாகத் திரும்பியது என்பதை அவர் பார்த்ததும் சொல்லிவிடுவார்.